தாய்க்குரலுக்கு ஒரு ட்வீட்டர்

நாணல் காடு பற்றி எரிந்த வாரத்தில் தாய்ப்பறவைகள் எல்லாம் எங்கோ பறந்துபோய்விட்டன. கரையோரச் சேற்றில் முட்டைகள் மட்டும் கிடந்தன. பறவைகள் காப்பகத்து ஆட்கள் அவற்றை ஈரத்துணியில் பொதிந்து கொண்டுவந்து பொரிக்கும் பெட்டியில் வைத்தார்கள். ஒன்பது குஞ்சுகள் வெளியே வந்தன. அவற்றை வளர்க்கும் பொறுப்பு சின்னுவின் தலையில் விழுந்தது.

சின்னு என்பது அம்மா வைத்த செல்லப்பெயர். நாற்பதை நெருங்கியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. காப்பகத்தில் டாக்டர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் சின்னுதான்.

காட்டில் விடப்போகும் குஞ்சுகள் மனித முகத்தைப் பார்க்கக் கூடாது. அதனால் குஞ்சு அறையை நடுவில் ஒரு பழுப்புத் திரை இரண்டாகப் பிரித்தது. திரைக்குப் பின்னால் சின்னு நிற்பாள். அலகு மாதிரி செய்த உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, திரையின் கிழிசல் வழியாக மீன்துண்டை நீட்டுவாள். அதற்குமுன் ஸ்பீக்கரில் தாயின் குரலை ஓடவிடுவாள். யாரோ ஆராய்ச்சியாளர்கள் கூட்டுக்குப் பக்கத்தில் பதுங்கியிருந்து பதிவுசெய்த குரல் அது. முதலில் தொண்டைக்குள்ளிருந்து 'ஹூம்' என்று ஒரு அடிக்குரல். அது முடிவதற்குள் அதிலிருந்தே கிளம்பி மேலே ஏறும் மெல்லிய 'ஸ்வீ' என்ற சீட்டி. ஹூம் சீட்டியாக மாறும் அந்த இடத்தில்தான் குஞ்சுகள் கழுத்தை நீட்டி வாயைத் திறக்கும். பொரிக்கும் பெட்டியில் முட்டைக்குள் இருந்தபோதே அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகியவை. அது இல்லாவிட்டால் முகத்துக்கு நேரே மீனை ஆட்டினாலும் அலகு இறுகியே இருக்கும்.

ஒருநாள் காலையில் மின்சாரம் போய் வந்தது. வந்த வேகத்தில் ஸ்பீக்கர் ஒரு கீச்சல் போட்டு அடங்கியது. சின்னு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குரலை ஓடவிட்டாள். ஹூம் வந்தது. சீட்டி வரவில்லை. எங்கோ பக்கத்து வீட்டில் யாரோ ஊதுவதுபோல ஒரு நிழல் மட்டும் கேட்டது. குஞ்சுகள் தலையைச் சாய்த்துக் கேட்டன, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டன. ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

மறுபடியும் ஓடவிட்டாள். மதியம் ஓடவிட்டாள். அந்தக் குரலைக் கைப்பேசியில் ஏற்றி அதில் ஓடவிட்டாள். கைப்பேசியில் சீட்டி நன்றாகவே கேட்டது, ஹூம் காணாமல் போனது. சரி, ஸ்பீக்கரில் ஹூம், கைப்பேசியில் சீட்டி என்று இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுக்கி விழுந்தன. குஞ்சுகள் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் மிரண்டன.

வேறு வழியில்லாமல் அலகைப் பிளந்து ஊட்டினார்கள். அதில் ஒரு குஞ்சுக்கு மீன்சாறு மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. டாக்டரின் உள்ளங்கையிலேயே அது துடித்து அடங்கியது.

டாக்டர் இளைஞர். அந்தத் தீக்குப் பிறகு அவர் சரியாகத் தூங்கியதே இல்லை. கையைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"நாளை சாயந்திரம் வரைக்கும் பாப்போம் சின்னு. அதுக்குள்ள தானா வாய் திறக்கலைன்னா ஊசி போட்டுடலாம். பட்டினி போட்டுக் கொல்ற வேலையை நாம செய்யக் கூடாது."

"ஸ்பீக்கர்தான் டாக்டர் கோளாறு. குஞ்சுங்க மேல தப்பில்ல."

"எனக்குத் தெரியும். ஆனா வயிறு அதைக் கேக்காது இல்ல?"

சின்னு ஸ்பீக்கரின் முன்பக்கத் துணியைக் கழற்றினாள். கீழே பெரிய கூம்பு. மேலே சின்னதாக, நடுவில் பட்டுத்துணிக் குமிழோடு ஒரு வட்டம். அந்தச் சின்னதுதான் ட்வீட்டர், மெல்லிய சத்தமெல்லாம் அதிலிருந்துதான் வரும் என்ற அளவுக்கு அவளுக்குத் தெரியும். ரேடியோக் கடைக்காரனின் தங்கை அல்லவா. திருகாணிகளைக் கழற்றி, ஒயர்களைப் பிடுங்கி, ட்வீட்டரை ஒரு கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்கே சந்தைத் தெருவுக்குப் போனாள். முதல் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மாடலை நிறுத்தி ரொம்ப காலமாகிவிட்டது என்றார். இரண்டாவது கடைக்காரர் வேறு ஒன்றை நீட்டி, "எல்லாம் ஒண்ணுதாம்மா, ஓட்டைக்குள்ள உக்காந்தா சரி" என்றார். மூன்றாவது கடையில் புது ஸ்பீக்கர் பெட்டியே வாங்கச் சொன்னார்கள். ஒரு பழைய பெட்டியைக் கெஞ்சி இரவல் வாங்கிக்கொண்டு ஓடிவந்து வைத்துப் பார்த்தாள். அதில் ஹூம் பானைக்குள் தலையை விட்டுப் பேசியதுபோல் வந்தது. குஞ்சுகள் மூலையில் ஒண்டிக்கொண்டன. அவற்றில் இரண்டு இப்போது கழுத்தைத் தூக்கக்கூட முயலவில்லை.

இனி ஒரே ஆள்தான் மிச்சம். அவளுடைய அண்ணன்.

அம்மா ஆபரேஷன் மேசையிலேயே போனதிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. ஆபரேஷன் வேண்டாம், இருக்கிற நாள் வீட்டில் இருக்கட்டும் என்றான் அவன். மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எத்தனை நாள் பார்ப்பது, செய்துவிடலாம் என்றாள் அவள். கையெழுத்தும் அவள்தான் போட்டாள். ஆஸ்பத்திரி வாசலில், அத்தனை சொந்தக்காரர்களுக்கும் முன்னால், "நீதான் கொன்னே" என்று சொல்லிவிட்டு அவன் நடந்துபோனான். காரியமெல்லாம் முடியும்வரை எதிரெதிரே நின்றார்கள். கண்ணைக் கண் பார்க்கவில்லை.

அண்ணன் வீட்டின் முன்னறைதான் கடை. பாதி ஷட்டர் ஏறியிருந்தது. அண்ணி வாசலில் துணி உதறிக்கொண்டிருந்தாள். சின்னுவைப் பார்த்ததும் துணி கையிலேயே நின்றது.

"வா" என்றாள். பிறகு உள்ளே பார்த்துக் குரலை உயர்த்தினாள். "இங்க பாருங்க, உங்களைப் பாக்க ஒரு கஸ்டமர் வந்திருக்காங்க. கொஞ்சம் அழுமூஞ்சி கஸ்டமர். திருப்பி அனுப்பினீங்கன்னா இன்னிக்கி அடுப்பு எரியாது."

அண்ணன் மேசைவிளக்கின் அடியிலிருந்து தலையைத் தூக்கினான். தங்கையைப் பார்த்தான். உடனே பார்வையை அவள் கையிலிருந்த கைக்குட்டைக்கு மாற்றிக்கொண்டான். சின்னு ட்வீட்டரை மேசைமேல் வைத்தாள். அவன் மீட்டரின் இரண்டு முனைகளையும் அதில் வைத்தான். முள் அசையவில்லை.

"உள்ள இருக்கற காயில் கம்பி எரிஞ்சுபோச்சு" என்றான், ட்வீட்டரைப் பார்த்து.

"இதே மாதிரி வேணும்."

"இதே மாதிரி கிடைக்காது. பக்கத்துல வர்ற மாதிரி பாக்கலாம். உள்ள சத்தத்தைப் பிரிக்கற கிராஸ்ஓவர் பலகையைப் பாக்காம எதுவும் சொல்ல முடியாது. பெட்டியைக் கொண்டுவரச் சொல்லு."

யாரிடம் சொல்லச் சொல்கிறான் என்று சின்னுவுக்குப் புரியவில்லை. அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டு, "நேரா பேசினா மீட்டர் ஓடுமா என்ன" என்றாள்.

சின்னுவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "பெட்டியை எடுத்துட்டு வந்துட்டுப் போக நேரமில்ல அண்ணா. சாயந்திரம் குஞ்சுங்களுக்கு ஊசி போட்டுடுவாங்க. எட்டு உயிர் இருக்கு. நீ என்னைப் பாக்க வேணாம். பெட்டியை மட்டும் வந்து பாரு."

அவன் சற்றுநேரம் மேசைமேல் இருந்த ஈயக்கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து மூன்று ட்வீட்டர்களையும் ஈயம் பற்றவைக்கும் கோலையும் ஒரு பைக்குள் போட்டான்.

காப்பகத்தில், திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து அவன் பெட்டியின் முதுகைத் திறந்தான். உள்ளே ஒரு சின்னப் பலகையில் செப்புக்கம்பிச் சுருள்களும் கெப்பாசிட்டர்களும் ஒட்டப்பட்டிருந்தன. அவற்றிலிருந்த எழுத்துகளைக் கைவிளக்கடித்துப் படித்தான். சின்னு பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். சாயந்திரம் வருவதற்குள் முடியுமா என்ற ஒன்றைத்தவிர அவள் மனதில் வேறெதுவும் இல்லை. ஆனாலும் கேட்டாள்.

"ஏதாவது ஒண்ணை மாட்டினா என்ன ஆகும்?"

"இந்தப் பலகைதான் சத்தத்தைப் பிரிச்சு அனுப்புது. தடிச்ச சத்தம் கீழ, மெல்லிசு மேல. எந்த இடத்துல பிரிக்கணும்ங்கிறது எட்டு ஓம்ஸ் ட்வீட்டரை வச்சுக் கணக்குப் போட்டது." ஒரு ட்வீட்டரை எடுத்து ஓரமாக வைத்தான். "இது நாலு ஓம்ஸ். இதைப் போட்டா மெல்லிசு ஆரம்பிக்கிற இடமே மேல ஓடிடும். நடுவுல பள்ளம் விழும்."

மீதி இரண்டும் எட்டு ஓம்ஸ். ஒன்று பழையதைப்போலவே பட்டுக் குமிழ். ஆனால் அது இறங்கவேண்டிய அளவுக்குக் கீழே இறங்கி வேலைசெய்யுமா என்று அவனுக்குச் சந்தேகம். இன்னொன்று பெரிய காந்தம் உள்ளது, திடமானது. அதைத்தான் தேர்ந்தெடுத்தான். வெளியே மரத்தடியில் பெட்டியை வைத்து மெதுவாக ஓடவிட்டுக் கேட்டான். கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது என்றான். கடைக்கு வருகிறவர்கள் விரும்புவது அந்தத் தெளிவைத்தான். அவன் காதும் அதற்கே பழகியிருந்தது.

உள்ளே கொண்டுவந்து, வழக்கமான அளவில் ஓடவிட்டார்கள்.

ஹூம் வந்தது. பிறகு சீட்டி தாய் கூப்பிடுவதுபோல் வரவில்லை, ஊசியால் குத்துவதுபோல் வந்தது. குஞ்சுகள் சிதறின. ஒன்று கம்பிவலையில் போய் மோதி, கவிழ்ந்து, கால்களை நீட்டிவிட்டது. சின்னு விதியை மறந்து திரையை விலக்கிக்கொண்டு ஓடி அதை எடுத்தாள். கழுத்து துணி மாதிரி தொங்கியது.

அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். "அளவு ஜாஸ்தி. பழசைவிட இது ரொம்ப சத்தம் போடுது. நான் அதைப் பாத்திருக்கணும்."

"பாத்திருக்கணும்தான்" என்றாள் சின்னு. குஞ்சு இன்னும் அவள் கையில் இருந்தது. "யாருக்குத்தான் எல்லாம் முன்னாடியே தெரியுது? நல்லதாகும்னு நினைச்சுத்தானே செய்யிறோம். இப்ப நான் உன்னை என்னன்னு சொல்லட்டும்? நீதான் கொன்னேன்னு சொல்லட்டுமா?"

அவன் தரையில் உட்கார்ந்து கோலைச் சூடாக்கினான். ஈயம் இரண்டுமுறை தரையில் சொட்டியது.

சத்தத்தின் அளவைக் குறைத்தால் ஹூமும் சேர்ந்து குறையும், அது உதவாது. ட்வீட்டரை மட்டும் அடக்கவேண்டும். அதற்குப் போகும் ஒயரில் இரண்டு ரெசிஸ்டர்களைக் கோர்த்தான், பலகையின் கணக்கும் கெடாமல் சத்தமும் தணியும்படி. இந்தமுறை அவன் தன் காதை நம்பவில்லை. "நீ கேளு. பழைய சத்தம் உனக்குத்தான் தெரியும்" என்றான். ஒரு ரெசிஸ்டரை மாற்றினான், இன்னொன்றை மாற்றினான். சீட்டி மெல்ல மெல்ல இறங்கி ஹூமின் அளவுக்கு வந்தது.

"இப்ப சரி. இவ்வளவுதான் இருக்கும்" என்றாள் சின்னு.

உள்ளே ஓடவிட்டார்கள். குஞ்சுகள் பயப்படவில்லை. தலையைத் திருப்பின. ஒன்று கழுத்தைக்கூட நீட்டியது. சின்னு மீன்துண்டோடு கையை நீட்டினாள். நீண்ட கழுத்து சீட்டியின் நடுவில் குழம்பி, மெல்லச் சுருங்கிக்கொண்டது. மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் அதேதான்.

பட்டுக் குமிழ் ட்வீட்டரை மாட்டிப் பார்த்தார்கள். அதுவும் அப்படியே. அதை எடுத்துவிட்டுப் பழையபடி பெரிய காந்தத்தையே மாட்டினான் அண்ணன். சன்னல் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

டாக்டர் கதவைத் தட்டாமல் வந்தார். கையில் மூடிபோட்ட ஒரு தட்டு. சின்னு அதைப் பார்த்ததும் ஒதுங்காமல் குஞ்சுகளுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"சின்னு" என்றார் டாக்டர்.

"பயந்து ஓடலை டாக்டர். கேக்குதுங்க. கிட்டத்தட்ட வந்துடுச்சு."

"கிட்டத்தட்ட வந்து என்ன செய்ய? அந்த ஓரத்துல இருக்கற ரெண்டையும் பாத்தீங்களா? கண்ணே திறக்கலை."

"சார்" என்றான் அண்ணன் தரையிலிருந்து. "நான் வெளி ஆள். எனக்கு இதுல பேச உரிமை இல்ல. ஆனா இன்னும் கொஞ்ச நேரம் குடுங்க. வெளிச்சம் இருக்கற வரைக்கும்."

டாக்டர் தட்டை ஒரு முக்காலியில் வைத்துவிட்டுச் சுவரோரம் குந்தி உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"எப்படிக் கேக்குது சொல்லு" என்றான் அண்ணன் தங்கையிடம். இப்போது அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டான். "டெக்னிக்கலா வேணாம். உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு."

சின்னு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இன்னொருமுறை கேட்டாள்.

"ஹூமும் இருக்கு, சீட்டியும் இருக்கு. ஆனா ரெண்டும் ஒரே ஆள் இல்ல. பழசுல அப்படியே வழுக்கிட்டு மேல போகும். இதுல கூப்பிட்டுக்கிட்டே வந்த அம்மா, கதவுகிட்ட வந்ததும் ஒரு நொடி காணாம போயிட்டு, அப்புறம் வேற யாரோ உள்ள வர்ற மாதிரி இருக்கு."

அண்ணன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தான்.

"பழசைக் கழட்டும்போது சிவப்பு ஒயர் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"பாக்கலையே அண்ணா. பிடுங்கிட்டேன்."

"நான் சிவப்பை பிளஸ்ல போட்டேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் போடுவாங்க. ஆனா இந்த மாதிரி பலகையில பெட்டி செஞ்சவன் வேணும்னே மாத்திப் போடுவான். இல்லைன்னா பிரியிற இடத்துல மேல இருக்கறது முன்னால தள்ளும்போது கீழ இருக்கறது பின்னால இழுக்கும். ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுடும். அங்கதான் ஓட்டை." அவன் பேசிக்கொண்டே சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றிவிட்டான். அவ்வளவுதான் வேலை. ஒரு திருகாணியைக்கூட முழுதாகக் கழற்றவில்லை.

சின்னு பொத்தானை அமுக்க விரலை வைத்தாள். அமுக்க வரவில்லை. அமுக்காதவரை நம்பிக்கை மிச்சமிருந்தது. அண்ணன் கையை நீட்டி அவள் விரல்மேல் வைத்து அமுக்கினான்.

ஹூம். அது தரையோடு வந்தது, திரையைத் தொட்டது, பிசிறில்லாமல் சீட்டியாக எழுந்தது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முன்னால் இருந்த குஞ்சு எழுந்து, தள்ளாடி, கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தது. உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. சின்னு மீனைப் போட்டாள். அது விழுங்கியது. பக்கத்திலிருந்தது திறந்தது. அதற்கும் அடுத்தது. கிழிசல் வழியாக நீட்டியதில் ஒரு துண்டு கீழே விழுந்தது. அதையும் ஒன்று குனிந்து பொறுக்கியது. டாக்டர் எழுந்துவந்து திரையின் ஓரத்தில் நின்று பார்த்தார்.

ஓரத்திலிருந்த இரண்டும் எழவில்லை. மூன்றுமுறை ஓடவிட்டும் அவற்றின் கண்கள் திறக்கவில்லை. டாக்டர் சின்னுவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவற்றை அவளே மடியில் வைத்துக்கொண்டாள். மற்றவற்றுக்குத் தெரியாதபடி, பக்கத்து அறையில், டாக்டர் ஊசி போட்டார். சின்னு அப்போது அழுதாள். காலையிலிருந்து அடக்கியது, அதற்கும் முன்னாலிருந்து அடக்கியது எல்லாம் சேர்ந்து வந்தது. அண்ணன் கதவருகில் நின்றான். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

அவள் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது அவன் பையைக் கட்டிவைத்திருந்தான்.

"உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, அம்மா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டான். இத்தனை மாதமாகக் கேட்க ஆளில்லாமல் வைத்திருந்த கேள்வி அது.

"உன்னைத்தான் கேட்டாங்க. பெரியவன் எங்கன்னு. கோவமா வெளிய நிக்கறான்மான்னு சொன்னேன். சிரிச்சாங்க. சாப்பிட்டானான்னு கேளு, பட்டினியா இருந்தா இன்னும் கோவம் வரும் அவனுக்குன்னு சொன்னாங்க."

அவன் கட்டிய பையை அவிழ்த்து மறுபடி கட்டினான். பிறகு, "நான் அன்னைக்குச் சொன்னது..." என்று ஆரம்பித்தான். மேலே போக முடியவில்லை. சின்னு அவனை முடிக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. சொல்லிவிட முடியாது, அந்த வார்த்தை இன்னும் உள்ளே வலித்தது.

"அடுத்த தடவை தீனி கொடுக்கணும்" என்றாள். "ஒரு கைல மீன், ஒரு கைல பொத்தான்னு ரெண்டையும் பாக்க முடியல. அண்ணிகிட்ட லேட்டாகும்னு சொல்லிடு."

அவன் கைப்பேசியை எடுத்து அண்ணியிடம் சொன்னான். மறுமுனையில் அவள் ஏதோ கேலியாகச் சொல்லியிருக்கவேண்டும். அவன் உதடு லேசாக அசைந்தது. பையை வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான். திரைக்குப் பின்னால் இருவரும் தோளோடு தோள் இடிக்க மண்டியிட்டார்கள். உள்ளே ஐந்து குஞ்சுகள், பசி தீராமல், திரையைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தன. சின்னு அலகு உறையை மாட்டிக்கொண்டு தலையசைத்தாள். அவன் பொத்தானை அமுக்கினான்.